கண்ணாடி இல்லாத வண்டி: எல்.பி. ரோட்டில் மூன்று நிமிடம்

முப்பது வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவன் நான். எந்த வண்டி எங்கே இடித்தது, யார் எந்தப் பக்கம் ஒடித்தார், ரோட்டில் டயர் தேய்ந்த கோடு எத்தனை அடி என்று அளந்து எழுதுவதுதான் பிழைப்பு. சென்ற பொங்கல் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சொந்த வண்டியில், மகள் ஓட்ட, இடப்பக்க சீட்டில் நான் இருந்தபோது நடந்ததை அதே முறையில் எழுதிப் பார்க்கிறேன். சேதப் பட்டியல் ஒரு வரியில் முடிந்துவிடும்: வலப்பக்க மிரர் மடங்கியது, சீட்டில் ஒரு பாட்டில் தண்ணீர். சர்வேயர் ரிப்போர்ட்டில் ஏறாத சங்கதிகள்தான் அதிகம்.

வண்டி

மஹிந்திரா எம்எம் 540 ஜீப். பியூஜோ டீசல் எஞ்சின். ஒரு காலத்தில் போலீஸ், வனத்துறை, பொதுப்பணித்துறை என்று எல்லா ஆபீஸ் வாசலிலும் நின்ற அதே முகம். எப்.சி. புதுப்பித்து, பசுமை வரி கட்டி, பிடிவாதமாக வைத்திருக்கிறோம். அறுபதைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும், அதனால் தாண்டுவதில்லை. பின்னால் வருகிறவருக்கு எங்கள் மேல் எரிச்சல் வர இது ஒன்றே போதும், அதை நான் மறுக்கவில்லை.

கேன்வாஸ் டாப்பைக் கழற்றி ஓட்டுவது வருடத்தில் மூன்று மாதம்தான். கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் கழற்றுவோம். மாசிக் கடைசியில் வெயில் உறைக்க ஆரம்பித்ததும் மாட்டிவிடுவோம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. டாப் போட்ட ஜீப்பை சென்னையில் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே ஜீப், அதே ரோடு, அதே ஆட்கள். டாப்பைக் கழற்றிய அன்று ஆளாளுக்கு ஏதாவது சொல்கிறார்கள். ஆக, காரணம் வண்டி இல்லை. திறந்திருப்பதுதான்.

யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் திறந்த வண்டியில் யார் வருவார்கள்? ஓட்டுக் கேட்டுக் கைகூப்பி நிற்கும் வேட்பாளர். மாப்பிள்ளை அழைப்புக்கு மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை. வீதியுலா வரும் உற்சவர். கடைசியாக, பூ அலங்காரத்தில் படுத்தபடி போகிறவர். நான்கு பேரையும் தெரு நின்று பார்க்கும். பார்க்கத்தான் அந்த ஊர்வலமே. அந்தப் பழக்கத்தில் நம்மையும் பார்க்கிறது. பார்ப்பதோடு, வாயில் வந்ததைச் சொல்லவும் தனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறது. "இன்னா சார், எலெக்சன் வந்துச்சா?" என்ற கேள்வியை இருபத்தைந்து வருடத்தில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

எனக்கு அது எப்போதும் சிரிப்பாகவே இருந்தது. மகள் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் ஒன்று புரிந்தது. நான் ஓட்டியபோது சிக்னலில் கேட்டது "எந்த வருஷ மாடல் சார்?" அவள் ஓட்டும்போது அவளைத் தாண்டி என்னிடம் கேட்கிறார்கள்: "ஏன் சார், நீங்க ஓட்டலயா?" அவளிடம் நேராகக் கேட்பவர்கள் கேட்பது "லைசென்ஸ் இருக்கா?" அவளுக்கு வயது முப்பத்தொன்று. லைசென்ஸ் எடுத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

அன்று மாலை

மருந்தீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஐந்தேகாலுக்குக் கிளம்பினோம். எல்.பி. ரோடு, அடையாறு, திரு.வி.க. பாலம், சாந்தோம், மெரினா என்று திட்டம். பாலத்துக்கே போகவில்லை.

முதல் சங்கதி திருவான்மியூர் சிக்னலில். ஒரே பைக்கில் மூன்று பையன்கள். "ஆன்ட்டி, எந்தக் கட்சி?" மகள் திரும்பி, "நீங்க ஓட்டுப் போடறதா இருந்தா சொல்றேன்" என்றாள். பின்னால் இருந்த இருவரும் ஓட்டியவன் முதுகில் அடித்துச் சிரித்தார்கள். பச்சை விழுந்தது, போய்விட்டார்கள். ஹெல்மெட் ஒருத்தனுக்கும் இல்லை.

இரண்டாவது சங்கதி சற்றுத் தள்ளி. தள்ளுவண்டிக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கத்தினார்: "ஏய்... யம்மா... சாவுகிராக்கி மாரி போற!" நான் முறைத்தேன். அவர் மறுபடியும் கத்தினார்: "கயிறும்மா, கயிறு!" டாப்பைக் கட்டும் கயிறு ஒன்று அவிழ்ந்து பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தி எடுத்துக் கட்டினோம். மகள் கை காட்டினாள். எனக்குத்தான் முறைத்த முகத்தை உடனே மாற்றிக்கொள்ள முடியவில்லை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். சென்னையில் வசவும் உதவியும் ஒரே குரலில் வரும். சைடு ஸ்டாண்டு எடுக்காமல் போகிறவனைப் பத்து பேர் துரத்தித் துரத்தி "ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று கத்துவார்கள், கேட்கிறவனுக்கு முதலில் திட்டுகிற மாதிரிதான் இருக்கும். துப்பட்டா சக்கரத்துக்குள் போகிறது என்று சொல்கிற அம்மாவின் குரலும் அப்படித்தான். ஏ.சி. காருக்குள் இருப்பவருக்கு இரண்டுமே கேட்காது. திறந்த ஜீப்பில் இரண்டும் கேட்கும், அதுவும் பாதி வாக்கியமாகக் கேட்கும். முதல் பாதியிலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டால் இரண்டாம் பாதி காதில் ஏறாது. அன்று எனக்கு ஏறவில்லை. அந்தக் கடுப்போடுதான் அடுத்த கட்டத்துக்குள் போனேன். ரிப்போர்ட்டில் இதை முக்கியமாகக் குறிக்கிறேன்.

மூன்றாவதுதான் விஷயம். அடையாறு டெப்போ தாண்டி, மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு போட்டு ரோட்டை ஒடுக்கியிருந்த இடம். ஒரு வண்டி போனால் இன்னொரு பைக் ஒட்டிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான் அகலம். பின்னால் ஒரு வெள்ளை கார் ஹாரனில் கை வைத்தது, எடுக்கவில்லை. ஒதுங்க இடமில்லை. மகள் வலது கையைத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டி, 'ஒரு நிமிஷம்' என்றாள். ஹாரன் நிற்கவில்லை.

தடுப்பு முடிந்ததும் கார் எங்கள் வலப்பக்கம் வந்தது. கண்ணாடியில் கறுப்பு பிலிம். 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்ட அதே பிலிம். கண்ணாடி இறங்கியது. ஓட்டுநருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர், நாற்பது வயது இருக்கும், என் மகளுக்கு இரண்டடி தூரத்தில் இருந்தார். முதலில் சொன்னது: "பொம்பளைக்கு எதுக்குடி ஜீப்பு?" அடுத்துச் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். மகள் ரோட்டைப் பார்த்தபடி வேகத்தைக் குறைத்தாள், அவர்கள் போகட்டும் என்று. அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எங்கள் வண்டிக்குள் கவிழ்த்தார். கை போகிற போக்கில் மிரரில் பட்டு அது மடங்கியது.

அப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். தலைக்கு மேல் வளைந்து போகும் இரும்புக் குழாயை, ரோல் பாரை, பிடித்துக்கொண்டு, ஓடுகிற வண்டியில், எழுந்து நின்றேன். நின்று, முப்பது வருடமாக விபத்து நடந்த இடங்களில் கேட்டுச் சேர்த்து வைத்த வசவுகளில் இரண்டை எடுத்து வீசினேன். பஸ் ஸ்டாப்பில் நின்ற கூட்டம் திரும்பியது. டீக்கடையில் யாரோ விசில் அடித்தார்.

கார் எங்களை முந்தி, இடது பக்கம் ஒடித்து, குறுக்கே பிரேக் போட்டு நின்றது.

அடுத்த தொண்ணூறு வினாடி

மகள் நிறுத்தினாள். முன்னால் நிற்கிற வண்டியின் பின் சக்கரம் தரையில் படுவது நம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிறுத்த வேண்டும். தெரிந்தால் ஒடித்து வெளியே போக இடம் இருக்கிறது என்று அர்த்தம். அவளுக்கு ஜீப் கற்றுக்கொடுத்தபோது நான் சொன்னது. அப்படித்தான் நிறுத்தியிருந்தாள். ஆனால் வலப்பக்கம் பஸ், பின்னால் நாலைந்து பைக் ஒட்டிக்கொண்டுவிட்டன. வழி அடைபட்டது.

அந்த ஆள் இறங்கி வந்தார். ஜீப்பில் பூட்டக் கதவு கிடையாது, ஏற்றக் கண்ணாடி கிடையாது. நேராக வந்து ஸ்டியரிங்கில் கை வைத்தார். மகள் மூன்று காரியம் செய்தாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். பிறகு அந்த ஆளைப் பார்க்காமல், அவர் தோளுக்கு மேலாக, எதிர்ப்பக்கம் ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்: "அண்ணே! காக்கிச் சட்டை அண்ணே! இங்க கொஞ்சம் வாங்கண்ணே!"

"காப்பாத்துங்க" என்று சொல்லவில்லை. பொதுவாக "யாராவது வாங்க" என்றும் சொல்லவில்லை. ஒரு ஆளைக் குறித்துக் கூப்பிட்டாள். கூட்டத்தைக் கூப்பிட்டால் கூட்டம் செல்போனை எடுக்கும். ஒருத்தரைக் கூப்பிட்டால் அவர் வந்தாக வேண்டும். அவர் வந்தார், அவர் வந்ததால் இன்னும் மூன்று பேர் வந்தார்கள்.

"இன்னாபா, லேடீஸ் வண்டி மேல கை வெச்சிகினு நிக்கிற? கை எடு முதல்ல."

"நீ யாருய்யா நடுவுல?"

"நான் ஸ்டாண்டுக்காரன். தெனிக்கும் இங்கதான் கீறேன். நீ யாரு சொல்லு."

கை எடுக்கப்பட்டது. மகள் அப்போதுதான் போனை எடுத்தாள், முகத்தை அல்ல, நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தாள். "112 கூப்பிடறேன், நில்லுங்க" என்றாள். அவர்கள் நிற்கவில்லை. தடுப்பு தொடங்கியதிலிருந்து கார் கிளம்பிப் போனது வரை மொத்தம் மூன்று நிமிடம் இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன். "ஏம்மா எஞ்சினை ஆஃப் பண்ணே? ஆன்ல வெச்சிருந்தா வழி கிடைச்சதும் கிளம்பியிருக்கலாமே."

"அந்தாளு கால் டயர்கிட்ட இருந்துச்சுப்பா. கிளட்ச்ல காலு நழுவினா அப்புறம் கேஸ் யார் மேல?"

சர்வேயர் நான்தான். இது எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டேஷன்

முதலில் போன காவல் நிலையத்தில், சம்பவம் நடந்த இடம் தங்கள் லிமிட்டில் வராது என்றார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை வாங்கிக்கொள்ளச் சொல்கிறது. மகள் அதைச் சண்டையாக்காமல், "அப்ப நீங்க வாங்கி அங்க அனுப்பிடுங்க சார், சட்டத்துல இடம் இருக்கே" என்றாள். எழுத்தர் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

புகார் எழுதுவதில் ஒரு சங்கடம் வந்தது. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 296. பெண்ணை இழிவுபடுத்தும் நோக்கில் பேசுவது, சைகை செய்வது பழைய 509, இப்போது 79. மூன்று வருடம் வரை தண்டனை உண்டு. கண்மூடித்தனமாக ஓட்டுவது 281. இவை தவிர, 1998-இல் இதே நகரில் ஆட்டோவில் வந்தவர்களின் சீண்டலால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்ததை அடுத்துத் தமிழ்நாடு கொண்டுவந்த பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டமும் இருக்கிறது. பிரிவுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் "கெட்ட வார்த்தை பேசினார்" என்று மட்டும் எழுதினால் ஆபாசப் பேச்சுக்கான பிரிவு நீதிமன்றத்தில் நிற்பது கடினம். சொன்னதை எழுத்து மாறாமல் எழுத வேண்டும்.

பேனா என் கையில் இருந்தது. அந்த வார்த்தைக்கு வந்ததும் நின்றுவிட்டது. என் மகளைப் பற்றி ஒருவன் சொன்னதை என் கையெழுத்தில் எழுத எனக்கு வரவில்லை. அவள் பேனாவை வாங்கினாள். "நகருங்கப்பா" என்று சொல்லி, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். எழுந்து நின்று நான் போட்ட கூச்சலையும் எழுதினாள். "அதை எதுக்கும்மா?" என்றேன். "அவங்க சொல்லத்தான் போறாங்க. நாமளே சொல்லிட்டா நல்லது." புகாரை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள்.

பக்கத்துப் பாத்திரக் கடைக் கேமராவில் ஸ்டியரிங்கில் கை வைத்தது பதிவாகியிருந்தது. நான்காம் நாள் அந்த ஆள் தன் அண்ணனோடு ஸ்டேஷனுக்கு வந்தார். முதல் தகவல் அறிக்கை வேண்டுமா என்று சப் இன்ஸ்பெக்டர் மகளிடம் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு வணக்கம். எழுத்தில் மன்னிப்பு, மிரருக்கும் சீட்டுக்கும் பணம், இவை போதும் என்றாள். எனக்கு இதில் உடன்பாடில்லை, இப்போதும் இல்லை. கேஸ் போட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. "வாய்தா வாய்தான்னு லீவு போடப்போறது நீங்களா நானா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கே மாறியது

எந்த விபத்திலும் ஒரு புள்ளி இருக்கும். அதற்கு முன் தவிர்த்திருக்கலாம், அதற்குப் பின் முடியாது. இதில் அது எது?

ஹாரனா? இல்லை. ஹாரன் அடிப்பவன் பாதி நேரம் தன் அவசரத்திடம்தான் கத்துகிறான். மகள் கையை உயர்த்தியது வீண் என்றும் சொல்ல மாட்டேன். மூடிய காரில் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. திறந்த வண்டியில் பேசாமல் இருப்பதும் தெரியும், திமிராகத் தெரியும். அதனால் ஏதோ ஒரு சின்ன ஒப்புதல், ஒரு கை, ஒரு தலையசைப்பு, கொடுத்துவிடுவது நல்லது. பைக் பையன்களிடம் அது வேலை செய்தது. இவரிடம் செய்யவில்லை, குடித்திருந்தார் என்று பிறகு அவர் அண்ணனே சொன்னார்.

தண்ணீரைக் கவிழ்த்தது குற்றம். ஆனால் அதோடு அவர் போயிருப்பார். மகள் வேகத்தைக் குறைத்துவிட்டாள், கார் முன்னால் போய்க்கொண்டிருந்தது. கடைக் கேமராவில் அது தெளிவாகத் தெரிகிறது. பிரேக் விளக்கு எரிந்தது நான் எழுந்து நின்று இரண்டு வினாடி கழித்து.

ஸ்டேஷனில் அவர் சொன்ன ஒரே ஒரு விஷயத்தை என்னால் தள்ள முடியவில்லை. "பெரியவர் எழுந்து நின்னு கத்தினாரு சார். பஸ் ஸ்டாப்பே பார்த்துச்சு. எனக்கு மானமே போச்சு." அவர் செய்ததற்கு அது சாக்கு ஆகாது. ஆனால் என்ன நடந்தது என்பதற்கு அது சரியான விளக்கம். திறந்த வண்டியில் இருப்பவர்களைத் தெரு வேடிக்கை பார்க்கிறது என்று மேலே எழுதினேன். அந்த வேடிக்கைக்கு நான்தான் மேடை ஏறினேன். ஓடுகிற ஜீப்பில் எழுந்து நின்றவன் வேட்பாளரைப் போலத் தெரிவான். அவன் யாரைத் திட்டுகிறானோ அந்த ஆளையும் ஊர் பார்க்கும். உட்கார்ந்தபடி அதே வசவைச் சொல்லியிருந்தால் அவர் ஒருத்தர் காதில் மட்டும் விழுந்திருக்கும். சண்டை வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். பிரேக் அடித்து விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தனி.

முகத்தை வீடியோ எடுத்திருக்க வேண்டும் என்று என் மாப்பிள்ளை இன்னும் சொல்கிறார். 2025 ஜனவரியில் முட்டுக்காடு பக்கம் பெண்கள் சென்ற காரைத் துரத்தியவர்கள் பிடிபட்டதற்கு அந்தப் பெண்கள் எடுத்த வீடியோ உதவியது, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் இருந்தது கண்ணாடி ஏற்றிய காரில். எங்களுக்குப் போனைத் தட்டிவிட ஒரு கை நீட்டினால் போதும். முதலில் ஆளைக் கூப்பிடு, பிறகு நம்பரை எடு என்ற மகளின் வரிசையே கதவில்லாத வண்டிக்குச் சரி என்று படுகிறது.

மாசி வரை இன்னும் மூன்று முறை டாப் இல்லாமல் போனோம். ஆட்டோ ஸ்டாண்டில் நிறுத்தி டீ குடித்தோம். அந்த அண்ணன், "பெர்சு, ஒக்காந்துகினு வா" என்றார்.

மகள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். முன் சீட்டில் இனி என் மனைவி. நான் பின்னால், பக்கவாட்டு பெஞ்சில். அங்கிருந்து அவசரமாக எழுந்தால் தலை ரோல் பாரில் இடிக்கிறது.